ஆறாவது சுற்றில் பறிபோன ஒன்பது உயிர்கள்

1994 மார்ச் 8. டெல்லி இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையம். சஹாரா இந்தியா ஏர்லைன்ஸின் போயிங் 737-200 விமானம் ஒன்று பயணிகள் யாருமின்றி விமான நிலையத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தது. பதிவு எண் விடி-எஸ்ஐஏ. உள்ளே ஒரு பயிற்றுநர் கேப்டனும் மூன்று பயிற்சி விமானிகளும் இருந்தனர். ஓடுபாதையில் இறங்குவதும் நிற்காமல் மறுபடி எழும்புவதுமாக ஐந்து சுற்றுகள் குறையின்றி முடிந்தன. ஆறாவது முறை 28ஆம் ஓடுபாதையைத் தொட்டு எழும்பிய விமானம் நேராக ஏறாமல் இடப்புறம் திரும்பி, சர்வதேச முனையத்தின் விமான நிறுத்துமிடத்தில் போய் விழுந்தது. சிதறிய பாகங்கள் அங்கே நின்றிருந்த ரஷ்ய ஏரோஃப்ளோட் நிறுவனத்தின் இல்யூஷின் 86 விமானத்தைத் தாக்கின. இரண்டு விமானங்களும் அழிந்தன.

போயிங்கில் இருந்த நால்வரும் இறந்தார்கள். இல்யூஷினுக்குள் இருந்த நால்வரும், தரையில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவரும் அவர்களோடு இறந்தார்கள். மொத்தம் ஒன்பது பேர்.

விசாரணை சொன்ன காரணம் சுருக்கமானது. எஞ்சின் செயலிழப்புப் பயிற்சியின்போது பயிற்சி விமானி வாலில் உள்ள சுக்கானை, அதாவது ரடரை, தவறான பக்கம் இயக்கினார். அதைத் தடுக்கும்படி கேப்டன் ரடர் பெடல்களைக் காத்து நிற்கவில்லை. பயிற்றுநர் என்ற முறையில் தெளிவான கட்டளைகளையும் தரவில்லை.

இந்த முடிவில் பிழை காண இடமில்லை. ஆனால் அதன் முதல் பாதியைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. பயிற்சிக்கு வந்தவர் தவறு செய்வார் என்பதால்தானே அது பயிற்சி? தவறு நேரும் என்று முன்கூட்டியே தெரிந்த இடத்தில் அந்தத் தவறே ஒன்பது பேரைக் கொல்லும்படி ஏற்பாடு அமைந்திருந்தால், ஆராய வேண்டியது அந்த ஏற்பாட்டைத்தான். இந்த விபத்தை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

மிதிக்க வேண்டிய கால்

போயிங் 737-200இல் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு ஜேடி8டி ரக எஞ்சின்கள் உண்டு. புறப்படும்போது ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஏழு டன் உந்துவிசை தரும். இரண்டும் சமமாகத் தள்ளும் வரை விமானம் நேராகப் போகும். இடது எஞ்சின் ஓய்ந்தால் மூக்கு இடப்பக்கம் திரும்பும். இரட்டை மாட்டு வண்டியில் இடத்து மாடு நின்றுவிட்டால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தத் திருப்பத்தை அடக்குவது வாலில் செங்குத்தாக நிற்கும் சுக்கான். விமானிகள் அதை ரடர் என்பார்கள். அதை இயக்க விமானியின் காலடியில் இரண்டு பெடல்கள் இருக்கின்றன. இடது எஞ்சின் போனால் வலது பெடலை அழுத்தி, மூக்கை மறுபடி நேருக்குக் கொண்டுவர வேண்டும். எந்தக் காலுக்கு வேலை இல்லையோ அந்தப் பக்க எஞ்சின்தான் போயிருக்கிறது என்று விமானப் பயிற்சியின் ஆரம்பத்திலேயே மனப்பாடம் செய்யவைப்பார்கள். வகுப்பறையில் இதைவிட எளிதான பாடம் கிடையாது. பதற்றத்தில், எழும்பிக்கொண்டிருக்கும் விமானத்தில், ஒரு விநாடிக்குள் சரியான காலைத் தேர்வது அவ்வளவு எளிதன்று.

தவறான பெடலை அழுத்தினால் நிலைமை திருத்தப்படாமல் போவதோடு முடியாது. ஓடும் எஞ்சின் ஏற்கெனவே மூக்கை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டிருக்க, ரடரும் அதே பக்கம் திருப்பத் தொடங்கும். எதிர்த்து நிற்க வேண்டிய இரண்டு விசைகள் கைகோத்துவிடும். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை கொண்ட ஜெட் விமானத்தில் இன்னொன்றும் நடக்கும். மூக்கு இடப்பக்கம் வேகமாகத் திரும்பும்போது, வலது இறக்கை காற்றை அதிகம் நேராக எதிர்கொள்ளும். அங்கே தூக்குவிசை கூடும். இடது இறக்கையில் அது குறையும். விமானம் இடப்பக்கமாக உருளத் தொடங்கும். முப்பதாயிரம் அடியில் இது நடந்தால் சரிசெய்ய அவகாசம் உண்டு. ஓடுபாதையை விட்டு இப்போதுதான் எழும்பிய விமானத்துக்குக் கீழே அந்த உயரம் இல்லை.

காலி விமானத்தில் பயிற்சி செய்வது பாதுகாப்பானது என்று எண்ணத் தோன்றும். எஞ்சின் செயலிழப்புப் பயிற்சியைப் பொறுத்தவரை அது முழுக்கச் சரியில்லை. எடை குறைந்த விமானம் குறைந்த வேகத்திலேயே தரையை விட்டு எழும்பிவிடும். ரடருக்குக் கிடைக்கும் பலம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். ஓடும் எஞ்சினின் விசையோ விமானம் காலியாக இருந்தாலும் நிரம்பியிருந்தாலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒற்றை எஞ்சினின் இழுப்பை ரடரால் அடக்க முடிகிற மிகக் குறைந்த வேகம் என்று ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் எல்லை உண்டு. முழு எடையோடு கிளம்பும் விமானம் அந்த எல்லைக்கு வெகு மேலே இருக்கும். பயிற்சிக்குக் கிளம்பும் காலி விமானம் அதை ஒட்டிப் பறக்கும். கையாளும் திறன் குறைவாக உள்ளவரிடம், பிழையைப் பொறுக்கும் இடைவெளி குறைவாக உள்ள நிலையில் விமானத்தைக் கொடுக்கிறோம் என்பது இதன் பொருள்.

737இன் வரலாறு தெரிந்தவர்கள் இந்த இடத்தில் வேறொன்றைக் கேட்கக்கூடும். அந்த ரகத்தின் ரடருக்கே ஒரு கறை உண்டு. 1991இல் கொலராடோ ஸ்பிரிங்ஸிலும், டெல்லி விபத்து நடந்த அதே 1994 செப்டம்பரில் பிட்ஸ்பர்க் அருகிலும் விழுந்த 737 விமானங்களில், ரடரை இயக்கும் வால்வு சிக்கி விமானி கேட்டதற்கு எதிர்ப்புறமாக ரடர் போயிருக்கலாம் என்று அமெரிக்க விசாரணை பின்னாளில் முடிவு செய்தது. டெல்லியின் முடிவு அந்த வழியில் போகவில்லை. எஞ்சின் விசையைக் குறைக்கும் பயிற்சியில் எதிர்க்காலை மிதிப்பது பயிற்றுநர்கள் பலமுறை பார்த்த தவறு. வேறு காரணம் தேட வேண்டிய தேவை இங்கே இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பயிற்றுநர் என்ன செய்துகொண்டிருப்பார்

தொட்டவுடன் எழும்பும் இந்தப் பயிற்சிக்கு டச் அண்ட் கோ என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால், இறங்கிய விமானம் மனம் மாறி மறுபடி எழும்பியது போல இருக்கும். விமானி அறையில் அந்தச் சில விநாடிகள் மிகவும் நெருக்கடியானவை.

சக்கரம் ஓடுபாதையைத் தொட்டதும் விமானத்தை நேர்கோட்டில் ஓட்டுவது பயிற்சி விமானியின் வேலை. பயிற்றுநர் அதே நேரத்தில் இறக்கைப் பின்மடிப்புகளை இறங்கும் நிலையிலிருந்து புறப்படும் நிலைக்கு மாற்ற வேண்டும். மூக்கின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் வால்பகுதி ட்ரிம்மைப் புறப்பாட்டுக்கு ஏற்றபடி சுழற்றி வைக்க வேண்டும். இறக்கை மேல் எழும் வேகத்தடைப் பலகைகள் மடங்கியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் நெம்புகளைப் பாதி தூரம் முன்தள்ளி, இரண்டு எஞ்சின்களும் ஒரே சீராக வேகம் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால் அதுவே விமானத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். பிறகுதான் ‘போகலாம்’ என்ற சொல். இதற்கிடையே ஓடுபாதையின் மீதித் தூரம் கரைந்துகொண்டே இருக்கும்.

இதன் மேல்தான் எஞ்சின் செயலிழப்புப் பயிற்சியையும் ஏற்றுகிறார்கள். பயிற்றுநர் எஞ்சினை உண்மையில் அணைப்பதில்லை. ஒரு நெம்பை மட்டும் பின்னுக்கு இழுத்து, அந்த எஞ்சினைக் குறைந்தபட்ச விசையில் ஓடவிடுவார். எந்தப் பக்கம் என்று பயிற்சி விமானிக்கு முன்கூட்டியே சொல்வதில்லை. தெரியாமல் வந்தால்தான் சோதனை என்பது அதன் தர்க்கம்.

‘ரடரைக் காத்து நிற்கவில்லை’ என்ற விசாரணை வாசகத்தின் கனம் இங்கேதான் புரியும். இருவர் முன்னாலும் உள்ள பெடல்கள் ஒன்றோடொன்று இணைந்தவை. ஒருவர் இடது பெடலை முன்னே தள்ளினால் மற்றவரின் இடது பெடலும் முன்னே போகும்; இருவரின் வலது பெடல்களும் பின்னே வரும். இடது எஞ்சினைக் குறைக்கப் போகும் பயிற்றுநர், தன் வலது காலை வலது பெடலில் உறுதியாக ஊன்றிக்கொண்டால், பக்கத்தில் இருப்பவர் தவறிப்போய் இடது பெடலை மிதித்தாலும் அது முழுத் தூரம் போகாது. எந்த எஞ்சின் குறையப் போகிறது என்பது அந்த அறையில் ஒருவருக்கு மட்டுமே தெரியும். எந்தக் கால் சரியான கால் என்பதும் ஆகவே அவருக்கு மட்டுமே முன்கூட்டித் தெரியும். தெரிந்தவர் காவலுக்கு நிற்கவில்லை என்பதுதான் அந்த வாசகத்தின் சாரம்.

காவல் தவறிய பிறகு மீள வழி இருக்கிறதா? இரண்டு வழிகள் உண்டு. இழுத்த நெம்பை உடனே முன்தள்ளி எஞ்சினை முழு விசைக்குக் கொண்டுவரலாம். ஆனால் அந்தக் காலத்து ஜெட் எஞ்சின் குறைந்தபட்ச நிலையிலிருந்து முழு விசைக்கு ஏறப் பல விநாடிகள் எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் ஓடும் எஞ்சினையும் குறைத்து விசையைச் சமப்படுத்தலாம். அப்படிச் செய்தால் ஏற வேண்டிய நேரத்தில் விமானம் ஏறாது. மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் ஒரு விநாடியில் 66 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். பயிற்றுநர் திகைத்து, புரிந்துகொண்டு, கையை நீட்டுவதற்குள் மூன்று விநாடி போனால் இருநூறு மீட்டர் போயிருக்கும், அதுவும் தவறான திசையில்.

பயிற்றுநர்களை எப்போதும் வாட்டும் இன்னொரு சங்கடமும் இதில் இருக்கிறது. பயிற்சி விமானியின் கட்டுப்பாட்டை மிக முன்னதாகப் பிடுங்கினால் அவர் எதையும் கற்க மாட்டார். தன் தவறைத் தானே உணர்ந்து திருத்தட்டும் என்று ஒரு கணம் காத்திருப்பது நல்ல ஆசிரியரின் இயல்பு. உயரத்தில் அந்தப் பொறுமைக்கு மதிப்பு உண்டு. தரையை ஒட்டி அதற்கு இடமே இல்லை. ஐந்து சுற்றுகள் நன்றாகப் போன பிறகு ஆறாவதில் பயிற்றுநரின் கால் தளர்ந்திருப்பதும் மனித இயல்புதான். ஒரு மனிதரின் விழிப்பு ஒரு கணம்கூடத் தளராது என்ற ஒற்றை நம்பிக்கையின் மேல் நிறுத்திய பாதுகாப்பை நான் பாதுகாப்பு என்று ஏற்கமாட்டேன்.

அந்த ஆண்டின் இந்திய வானம்

சஹாரா இந்தியா ஏர்லைன்ஸ் 1993 டிசம்பரில்தான் பறக்கத் தொடங்கியது, இரண்டு போயிங் 737-200 விமானங்களோடு. விபத்து நடந்தபோது அதற்கு மூன்று மாத வயது. உள்நாட்டு விமானப் போக்குவரத்தை அரசு நிறுவனங்களுக்கே உரியதாக்கிய 1953ஆம் ஆண்டின் விமானக் கழகங்கள் சட்டம் 1994இல்தான் நீக்கப்பட்டது. அதற்கு முன்பே ஏர் டாக்சி என்ற பெயரில் ஈஸ்ட் வெஸ்ட், ஜெட், தமானியா, மோடிலுஃப்ட் எனத் தனியார் நிறுவனங்கள் வரிசையாக வந்துவிட்டன. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விமானிகள் தேவைப்பட்டார்கள். இந்தியன் ஏர்லைன்ஸிலிருந்து அனுபவசாலிகள் பலர் தனியாருக்கு மாறினார்கள். புதியவர்களை ஜெட் விமானத்துக்குப் பழக்கும் வேலையும் பெருகியது. இதைப் பின்னணியாக மட்டுமே சொல்கிறேன். விபத்தின் காரணமாக அன்று.

இதே பாடத்துக்கு முன்பே கொடுத்த விலை

டெல்லி விபத்தை நினைக்கும்போது எனக்கு அதிகம் வலிப்பது, அது புதிதாக எதையும் சொல்லவில்லை என்பதுதான். கால் நூற்றாண்டுக்கு முன்பே இதே வகைப் பயிற்சி பல விமானங்களை விழுங்கியிருந்தது.

1967 மார்ச் 30. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையம். நள்ளிரவு தாண்டிய நேரத்தில் டெல்டா நிறுவனத்தின் டிசி-8 விமானம் ஆறு பேரோடு பயிற்சியில் இருந்தது. நான்கு எஞ்சின் கொண்ட அந்த விமானத்தில் இரண்டு எஞ்சின்கள் செயலிழந்ததாகப் பாவித்து இறங்க வேண்டும் என்பது பாடம். வேகம் குறைந்தது, கட்டுப்பாடு தவறியது, விமானம் வீடுகளின் மேலும் ஒரு ஹில்டன் விடுதியின் மேலும் விழுந்தது. விமானத்தில் ஆறு பேர், தரையில் பதின்மூன்று பேர் இறந்தார்கள். தரையில் இறந்தவர்களில் ஒன்பது பேர் விஸ்கான்சின் மாநிலத்தின் ஜூடா என்ற சிற்றூரிலிருந்து பள்ளிச் சுற்றுலாவுக்கு வந்து, அந்த விடுதியில் தூங்கிக்கொண்டிருந்த மாணவிகள். பயிற்றுநரின் மேற்பார்வைக் குறையும், இருவரும் விசையையும் கட்டுப்பாடுகளையும் முறையாகக் கையாளாததும் காரணம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்னது. அந்த வாசகத்தைப் படித்துவிட்டு டெல்லி வாசகத்தைப் படித்தால், ஒரே விபத்தைப் பற்றித்தான் இரண்டு முறை படிக்கிறோமோ என்று சந்தேகம் வரும்.

1969 ஜூன் 24. வாஷிங்டன் மாநிலத்தின் மோசஸ் லேக். ஜப்பான் ஏர்லைன்ஸின் கான்வேர் 880 பயிற்சி விமானம் புறப்படும்போது வலக்கோடியில் உள்ள நான்காம் எஞ்சினின் விசை குறைக்கப்பட்டது. விமானம் வலப்பக்கம் இழுத்துக்கொண்டே போய் எஞ்சின் தரையில் உரசி, விழுந்து எரிந்தது. ஐவரில் மூவர் இறந்தனர். அடுத்த மாதமே, ஜூலை 26 அன்று, அட்லாண்டிக் சிட்டியில் டிடபிள்யூஏ நிறுவனத்தின் போயிங் 707 விழுந்து ஐவரும் மாண்டனர்.

அட்லாண்டிக் சிட்டி விபத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நான்காம் எஞ்சினைக் குறைத்துவைத்து, மூன்று எஞ்சினோடு இறங்காமல் மேலேறும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நடுவில் உண்மையான கோளாறு ஒன்று குறுக்கிட்டது: கட்டுப்பாடுகளை அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் திரவம் கசிந்தது. கையேட்டில் சொன்ன அவசர நடைமுறைப்படி பம்புகளை நிறுத்தினார்கள். ரடருக்கு பலம் தருவது அந்தப் பம்புகளே. பம்பு நின்றதும் ரடரின் பலம் போனது. நான்காம் எஞ்சினோ இன்னும் குறைந்த விசையிலேயே கிடந்தது. அந்த எஞ்சின் பழுதாகவே இல்லை. நெம்பை முன்தள்ளியிருந்தால் பாவனைக் கோளாறு அத்தோடு முடிந்திருக்கும், அசல் கோளாறை மட்டும் சமாளித்திருக்கலாம். பொய்யான ஆபத்தை உண்மையான விமானத்தில் நடத்தினால், எது பொய், எது மெய் என்ற கணக்கு நெருக்கடியில் குழம்பிவிடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியவில்லை. 1971 மார்ச் 31 அன்று கலிபோர்னியாவின் ஒன்டாரியோவில் இதே போன்ற பயிற்சியில் வெஸ்டர்ன் ஏர்லைன்ஸின் போயிங் 720 விழுந்து ஐவர் இறந்தபோது, ரடரை இயக்கும் கருவியைத் தாங்கும் உலோகப் பாகமே உடைந்திருந்தது. ஒரு எஞ்சின் குறைந்த நிலையில் விமானத்தின் முழு பாரமும் ரடரின் மேல். அந்த நேரத்தில் ரடர் கைவிட்டது.

இத்தனைக்கும் எதிரில் வைக்க வேண்டிய கேள்வி ஒன்று: உண்மையிலேயே புறப்படும்போது எஞ்சின் போவது எத்தனை அரிது? ஒரு ஜெட் விமானி தன் பணிக்காலம் முழுவதும் அதைச் சந்திக்காமலே ஓய்வு பெறலாம். வராத நோய்க்குத் தரும் மருந்து ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. பயிற்சி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. வரும் அந்த ஒரு நாளில் பயிற்சிதான் நூற்றுக்கணக்கான பயணிகளைக் காப்பாற்றும். அதை எங்கே, எதில் செய்வது என்பதுதான் விஷயம்.

தரையில் இருந்தவர்கள்

28ஆம் ஓடுபாதை என்றால் திசைகாட்டியில் ஏறத்தாழ 280 பாகை, அதாவது மேற்கு. மேற்கு நோக்கி எழும்பும் விமானத்துக்கு இடப்புறம் தெற்கு. 1986இல் திறக்கப்பட்ட சர்வதேச முனையம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. கட்டுப்பாடு தவறி இடப்பக்கம் போகும் விமானம் எங்கே விழும் என்று வரைபடத்தை விரித்துப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

இல்யூஷின் 86 நான்கு எஞ்சின் கொண்ட அகல உடல் விமானம். முந்நூற்றைம்பது பேர் வரை ஏற்றிச் செல்லும். அன்று அதில் பயணிகள் எவரும் இறக்கவில்லை. நிறுத்தியிருந்த விமானத்துக்குள் இருந்த நான்கு பேரின் உயிர் போனது. விமானத்தில் ஏறி வானுக்குப் போகிறவர் அதன் ஆபத்தைத் தெரிந்தே போகிறார் என்றாவது சொல்லலாம். நின்றிருந்த விமானத்துக்குள் இருந்தவர்களும் தரையில் வேலை பார்த்தவரும் எந்த ஆபத்துக்கும் சம்மதித்தவர்கள் அல்லர். பக்கத்து ஓடுபாதையில் எஞ்சின் செயலிழப்பை வேண்டுமென்றே உண்டாக்கிப் பழகுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவும் வழியில்லை. நியூ ஆர்லியன்ஸில் தூங்கிய மாணவிகளுக்கும் தெரியாது.

மோசஸ் லேக்கை இதனோடு ஒப்பிட வேண்டும். அங்கேயும் தவறு நடந்தது, அங்கேயும் மூன்று உயிர்கள் போயின. ஆனால் தரையில் ஒருவரும் சாகவில்லை. அது அமெரிக்க விமானப்படை கைவிட்டுச் சென்ற பழைய தளம். நீண்ட ஓடுபாதை, சுற்றிலும் வெட்டவெளி. ஜப்பான் ஏர்லைன்ஸ் கடல் கடந்து தன் விமானிகளை அங்கே அனுப்பியதற்கு அந்த வெட்டவெளியும் ஒரு காரணம். பிறகு ஜப்பான் தன் நாட்டிலேயே, ஒகினாவாவின் மியாகோ தீவுகளில் ஒன்றான ஷிமோஜி தீவில், மூவாயிரம் மீட்டர் ஓடுபாதையோடு விமானிப் பயிற்சிக்கென்றே ஒரு விமான நிலையம் கட்டி 1979இல் திறந்தது. ஓடுபாதையின் முனையைத் தாண்டினால் கடல். பயிற்சி விமானம் வழி தவறினாலும் அந்தப் பக்கம் விழ ஆளில்லாத நீர்ப்பரப்பு. 1994இல் டெல்லியில், நாட்டின் மிகப் பரபரப்பான விமான நிலையங்களில் ஒன்றில், நிரம்பிய நிறுத்துமிடத்தை ஒட்டி அதே பயிற்சி நடந்தது. விசாரணை முடிவின் அந்தச் சில வரிகளில் பயிற்சி விமானியின் காலும் கேப்டனின் காலும் இருக்கின்றன. இடத்தைத் தேர்ந்தவர்களின் கை அதில் இல்லை. எனக்கு அது பெரிய குறை.

சிமுலேட்டருக்கு நகர்ந்த பாடம்

அமெரிக்காவில் அறுபதுகளின் விபத்துகளுக்குப் பிறகு படிப்படியாக இந்தப் பயிற்சி உண்மையான விமானத்திலிருந்து, விமானி அறையைத் தரையிலேயே போலச் செய்துகாட்டும் சிமுலேட்டருக்கு நகர்ந்தது. 1980இல் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் மேம்பட்ட சிமுலேட்டர்களுக்கான திட்டத்தை அறிவித்தது. அசைவும் காட்சியும் போதிய தரத்தில் இருந்தால், விமானத்தில் செய்ய வேண்டிய பயிற்சியில் பெரும்பகுதியைச் சிமுலேட்டரிலேயே முடிக்கலாம் என்ற வழி அதில் பிறந்தது. ஆறு ஹைட்ராலிக் கால்களின் மேல் நிற்கும் அந்த அறையில் எஞ்சினை அணைக்கலாம், தீப்பிடிக்கவைக்கலாம், ரடரை உடைக்கலாம். பயிற்சி விமானி தவறான பெடலை மிதித்தால் திரையில் விமானம் புரண்டு விழும். பயிற்றுநர் ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த நிமிடம் மறுபடி ஓடுபாதையின் தொடக்கத்தில் நிற்கும். தவறு கடைசிவரை நடந்து முடிய விடலாம் என்பது ஆசிரியருக்குக் கிடைத்த பெரிய வரம். உண்மையான விமானத்தில் தடுக்க வேண்டிய தவறை இங்கே முழுசாகப் பார்க்கவைத்துக் கற்பிக்கலாம்.

ஷிமோஜி தீவின் கதையும் இதையே காட்டுகிறது. சிமுலேட்டர்கள் மேம்பட மேம்பட அங்கே விமானம் ஓட்டிப் பழகும் தேவை சுருங்கியது. ஜப்பான் ஏர்லைன்ஸ் 2012இலும், மற்றொரு ஜப்பானிய விமான நிறுவனமான ஏஎன்ஏ 2014இலும் விலகின. பயிற்சிக்காகப் பிறந்த அந்த விமான நிலையம் 2019இல் பயணிகள் முனையத்தோடு புது வாழ்வு தொடங்கியது.

எழும்பி இறங்கிப் பழகும் சுற்றுகள் இன்னும் பல நாடுகளில் உண்மையான விமானத்தில் நடக்கின்றன, பெரும்பாலும் எல்லா எஞ்சின்களும் ஓடும் நிலையில். அதுவும் ஆபத்தற்றதன்று. 2018 பிப்ரவரி 28 அன்று எஸ்டோனியாவின் டாலின் நகரில், ஸ்மார்ட்லிங்க்ஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 பயிற்சி விமானம் டச் அண்ட் கோ செய்கையில் மூக்கு எழும்ப மறுத்தது. எழும்பிய பிறகு மீண்டும் ஓடுபாதையில் மோதி எஞ்சின்கள் இரண்டும் சேதமாயின. எப்படியோ மேலேறிச் சுற்றிவந்து ஓடுபாதைக்குச் சற்று முன்னால் இறங்கினார்கள். உயிர் எதுவும் போகவில்லை. அந்த விமானத்தில் எஞ்சின் செயலிழப்புப் பாடம் ஏதும் நடக்கவில்லை. தொட்டு எழும்பும் அந்தச் சில விநாடிகளே போதுமாக இருந்தன.

பயிற்றுநர் ஆகப் போகிறவருக்கும் இன்று சிமுலேட்டரில் தனிப் பாடம் உண்டு. பயிற்சி விமானியின் இருக்கையில் மூத்த பயிற்றுநர் ஒருவர் அமர்ந்துகொண்டு, எஞ்சின் குறைந்ததும் வேண்டுமென்றே எதிர்ப் பெடலை மிதிப்பார். பக்கத்தில் இருப்பவர் தன் காலால் அதைத் தடுத்து, நெம்பை முன்தள்ளி, ‘கட்டுப்பாடு என்னிடம்’ என்று உரக்கச் சொல்லி விமானத்தை மீட்டுக் காட்ட வேண்டும். டெல்லி விசாரணை குறையாகச் சொன்ன இரண்டும், பெடலைக் காப்பதும் தெளிவாகக் கட்டளையிடுவதும், அந்த ஒரே பயிற்சியில் அடங்கியிருக்கின்றன.